சிறகுள்ள பாறையும் வேலி போட்ட மேடும்

போன மே மாதம் ஷிப்ராக் போய் வந்தேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், நவஹோ மக்களின் நிலத்தில் ஒற்றையாக நிற்கும் ஒரு பெரிய பாறை அது. வந்த வாரமே எழுதியிருக்க வேண்டிய பதிவு இது. அங்கே சந்தித்த ஒரு பாட்டி, பாறையைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்தக் கதையெல்லாம் பனிக்காலத்துக்கு. இப்ப இடி இடிக்கிற காலம் வருது, வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நவஹோ என்கிற இந்த அமெரிக்கப் பழங்குடி மக்கள் தங்களை டினே என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களிடம் சில கதைகளுக்குக் காலம் உண்டு. உறைபனி விழுந்த பிறகு தொடங்கி, வருடத்தின் முதல் இடி கேட்பதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். பாம்பும் கரடியும் உறங்குகிற மாதங்கள் அவை. சரி, நானும் காத்திருக்கலாம் என்று தோன்றியது. இன்று ஜனவரி. ஆல்பகர்க்கியில் என் ஜன்னலுக்கு வெளியே நேற்று விழுந்த பனி இன்னும் கரையவில்லை.

ஆனால் இந்த எட்டு மாதமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது அந்தக் கதை மட்டும் இல்லை. என் நண்பன் காரில் கேட்ட ஒரு கேள்வியும், அதற்கு நான் சொன்ன சப்பையான பதிலும் கூடத்தான்.

நண்பன் பாறை ஏறுகிறவன். சனி, ஞாயிறு வந்தால் கயிறும் கொக்கிகளுமாக சாண்டியா மலையில்தான் இருப்பான். அவனுக்கு ஷிப்ராக் என்றால் 1939. அந்த வருடம் அக்டோபரில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த நான்கு பேர், டேவிட் பிரோவர், பெஸ்டர் ராபின்சன், ராஃபி பெடாய்ன், ஜான் டயர், அதன் உச்சியைத் தொட்டார்கள். அதற்கு முன் போனவர்கள் எல்லாம் தோற்றுத் திரும்பிய பாறை அது. பாறையில் துளை போட்டு, உள்ளே போனதும் விரிந்து இறுகிக்கொள்ளும் போல்ட்டை அடித்து ஏறும் முறையை அமெரிக்காவில் முதன்முதலில் பயன்படுத்தியது அங்கேதான். ஏறுகிறவர்களுக்கு இது ஒரு வரலாற்று நாள். பிரோவர் பின்னாளில் சியரா கிளப் என்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பை நடத்தி, அணைகளுக்கு எதிராகவும் காடுகளுக்காகவும் வாழ்நாள் முழுக்கப் போராடியவர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நண்பன் அந்தக் கதையைச் சொல்லும்போது அவன் குரல் மாறிவிடும்.

1970இல் அங்கே ஒரு பெரிய விபத்து நடந்தது. அதன் பிறகு நவஹோ நேஷன், அதாவது டினே மக்களின் சொந்த அரசு, ஏறுவதற்கு முழுத்தடை போட்டுவிட்டது. விதிவிலக்கு கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. நண்பன் கேட்டது இதுதான்: "விபத்துக்காகத் தடைன்னா புரியுது. ஆனா அதுக்கு அடியில இருக்கறது ஒரு கதைதானே? ஒரு கதைக்காக ஒரு பாறையைப் பூட்டி வைக்கலாமாடா?"

"அவங்க இடம், அவங்க சட்டம்" என்றேன். தப்பான பதில் இல்லை. ஆனால் அது, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டு, ஏன் என்று கேட்காமல் உள்ளே போவது மாதிரி. உண்மையைச் சொன்னால், அன்று காலை நான் பாதிக்கு மேல் அவன் பக்கம்தான் இருந்தேன்.

கப்பலா, சிறகா

ஃபார்மிங்டனைத் தாண்டி மேற்கே போகும் சாலையில், ஹாக்பேக் என்கிற நீளமான மேட்டைக் கடந்ததும் அது தெரிந்தது. தட்டையான நிலத்தில் ஒற்றையாக, தரையிலிருந்து 480 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. சுற்றிலும் அதற்குத் துணையாக இன்னொரு குன்று கிடையாது. அந்தத் தனிமைதான் முதலில் அடிக்கிறது.

1860இல் வரைந்த வரைபடத்தில் அதற்கு 'ஊசி' என்று பெயர். பத்து, பதினைந்து வருடம் கழித்து ஷிப்ராக், அதாவது கப்பல் பாறை ஆயிற்று. பாய் விரித்த கப்பலைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அப்படித் தெரிந்திருக்கும். டினே மொழியில் ட்ஸே பித்தாஈ. ட்ஸே என்றால் பாறை, சிறகுள்ள பாறை. படங்களில் பார்த்தபோது எனக்கும் கப்பல்தான் தெரிந்தது. நேரில், தெற்கே போகும் 491ஆம் நெடுஞ்சாலையில் போகப் போக, பாறையிலிருந்து பிரிந்து தரையோடு ஓடும் அந்தக் கரிய சுவர்கள் கண்ணில் பட்டபோது கப்பல் காணாமல் போய்விட்டது. ஒரு பெரிய பறவை உட்கார்ந்திருக்கிறது; சிறகை முழுசாக மடக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. படங்களில் பெரும்பாலும் அந்தச் சுவர்கள் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. சிறகை வெட்டிவிட்டால் மிச்சம் கப்பல்தானே.

நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே பிரியும் 13ஆம் எண் சாலை, தெற்குச் சிறகை ஊடுருவிக்கொண்டு போகிறது. அந்த இடைவெளியில் வண்டியை ஓரம் கட்டினோம். அங்கிருந்து பாறையின் அடிவாரத்துக்கு மண்பாதைகள் போகின்றன. அது குடும்பங்களின் மேய்ச்சல் நிலம், அதனால் போகவில்லை. சுவரின் பக்கத்தில்தான் ஒரு மணி நேரம் நின்றோம்.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டை மதில் மாதிரி கிலோமீட்டர் கணக்கில் போகிறது. சில இடங்களில் இரண்டு ஆட்கள் தலையும் காலுமாகப் படுத்தால் தீர்ந்துபோகிற அகலம்தான். அவ்வளவு மெல்லியது எப்படி இவ்வளவு உயரமாக நிற்கிறது என்று யாருக்கும் தோன்றும். பதில் இரண்டு பக்கமும் தரையில் கிடக்கிறது: சாம்பல் நிறக் களிப்பாறை, கையில் எடுத்தால் காய்ந்த வண்டல் பாளம்போல் ஏடு ஏடாக உதிர்கிறது. டைனோசர் காலத்துக் கடலின் அடிச்சேறு அது. ஆம், கப்பல் என்று பெயர் வைத்த இடத்தில் ஒரு காலத்தில் நிஜமாகவே கடல் இருந்தது. அந்தச் சேறு இறுகிப் பாறையாகி, மேலே இன்னும் பல அடுக்குகள் படிந்த பிறகு, சுமார் 2 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், அடியிலிருந்து வந்த பாறைக்குழம்பு அடுக்குகளைப் பிளந்துகொண்டு மேலே ஏறியது. நிலத்தடி நீரைத் தொட்ட இடத்தில் வெடித்தது. வெடித்துச் சிதறிய துண்டுகள் அது ஏறி வந்த குழாய்க்குள்ளேயே விழுந்து இறுகின. விரிசல்களுக்குள் புகுந்த குழம்பு சுவராக உறைந்தது. நாம் இன்று அண்ணாந்து பார்ப்பது, அன்று தரைக்கு முக்கால் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் கீழே இருந்த பகுதி. மேலே இருந்த மண்ணையும் எரிமலையையும் மழையும் காற்றும் தின்றுவிட்டன. தின்ன முடியாதது நிற்கிறது. எரிமலைக் கழுத்து என்று இதைச் சொல்வார்கள்.

நான் சுவரில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். கரும்பச்சையும் பழுப்பும் கலந்த கல். அதில் நகத்தளவு, அரிசியளவு காக்காய்ப்பொன் செதில்கள். தலையை இப்படித் திருப்பினால் பத்துச் செதில் மினுங்குகிறது, அப்படித் திருப்பினால் வேறு பத்து. நடுவில் ஆரஞ்சு நிறப் பாசி. மே மாத வெயிலில் கல் சுட்டது, ஆனால் விரிசலுக்குள் விரலை விட்டால் குளிர்ந்து கிடந்தது. இந்த விளக்கத்தையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். நண்பனுக்கு ஒப்பித்தேன். ஒப்பித்ததும், பாறை விஷயம் முடிந்துவிட்டது போலவும், மீதியெல்லாம் அதன்மேல் போர்த்திய துணி என்பது போலவும் ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது.

காலித் தொட்டியோடு வந்தவர்

அப்போதுதான் அந்த பிக்கப் வண்டி வந்தது. பின்னால் வெள்ளை பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, காலி. வண்டி நின்றபோது 'டொம்' என்று ஒரு சத்தம். அந்தப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் நிறைய. ஊருக்குப் போய்ப் பிடித்து வர வேண்டும். ஓட்டி வந்த பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் துணி கட்டி, பேரனின் கூடைப்பந்து அணிச் சட்டை போட்டிருந்தார். என் நண்பன் அந்த நேரம் சுவரில் பத்தடி உயரத்தில் இருந்தான். கயிறு இல்லை, சும்மாதான், கை பரபரத்து ஏறியிருந்தான்.

அவர் சத்தம் போடவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை. வண்டியை அணைத்துவிட்டு, அவன் தானாக இறங்கி வரும்வரை காத்திருந்தார். வந்ததும் "கையில அடி படலையே?" என்றார். அப்புறம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. அம்மா வழியில் கசப்புத் தண்ணீர்க் குலம், அப்பா வழியில் நிறைய ஆடுகள் குலம், பிறகு இரண்டு தாத்தாக்களின் குலங்கள். டினே வழக்கம் அதுதான். நான்கு குலத்தையும் சொன்ன பிறகுதான் ஆள் யாரென்று ஆகும். "நீங்க?" என்றார். நாங்கள் அம்மா ஊர், அப்பா ஊர் என்று சொன்னோம். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

நண்பன் நேராகவே கேட்டுவிட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். ஏன் ஏறக்கூடாது? அதற்குத்தான் அவர் பனிக்காலம் என்றார். சற்று நேரம் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டுல பெரியவங்க சொல்வாங்க, சில இடத்தைத் தொந்தரவு பண்ணாதேன்னு. கேட்காம இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். கதையில இல்லை, வீட்டுல பார்த்தேன்" என்றார். உதட்டைக் குவித்து மேற்குப் பக்கம் காட்டினார். அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. அந்தச் சாலை ரெட் வேலி வழியாக மலைப்பக்கம் போகிறது. அங்கே கோவ் என்று ஒரு சின்ன ஊர். அதற்கு மேலே இருக்கும் மலைகளில்தான் யுரேனியம் தோண்டினார்கள்.

அவருடைய அப்பா அங்கே தோண்டினார். வெடி வைத்த புகை அடங்குவதற்குள் உள்ளே அனுப்புவார்களாம். சுரங்கச் சுவரில் கசியும் தண்ணீரைத்தான் குடித்தார்களாம், குளிர்ச்சியாக இருக்கும் என்று. மாலையில் வரும்போது சட்டையெல்லாம் மஞ்சள் தூசி. அம்மா அதைக் கையால் துவைத்தார். குழந்தைகள் அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. இது அவர் ஒருவர் வீட்டுக் கதை இல்லை. 1950இலிருந்தே அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுரங்கத் தொழிலாளிகளின் உடல்நிலையை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தொழிலாளிகளிடம் ஆபத்து என்னவென்று மட்டும் சொல்லப்படவில்லை. 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து கிட்டத்தட்ட 3 கோடி டன் யுரேனியக் கனிமம் வெளியே போனது. மூடாமல் விட்டுப்போன சுரங்கங்கள் 500க்கு மேல்.

அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனார். 1990இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது அம்மா விண்ணப்பித்தார். கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். "எங்கம்மாவுக்குக் கூடையிலதான் கல்யாணம் ஆச்சு" என்றார் பாட்டி. டினே திருமணத்தில், பின்னிய கூடையில் மக்காச்சோளமாவுக் கூழ் வைத்து, அதை மாப்பிள்ளையும் பெண்ணும் எடுத்து உண்பார்கள். அவ்வளவுதான், ஊர் சாட்சி. அதற்குக் காகிதம் எங்கே போவது? இதைச் சொல்லும்போது அவர் கோபப்படவில்லை. தன் வலது கை விரல்களைக் கூடையிலிருந்து கூழ் எடுப்பதுபோல் குவித்துக் காட்டினார். எனக்கு அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு மணி பார்த்தார். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வரிசை சேர்ந்துவிடும் என்று கிளம்பினார். போகும்போது, "ஊருக்குள்ள ஆத்துக்கு மேல ஒரு மேடு இருக்கு. அதையும் பார்த்துட்டுப் போங்க" என்றார்.

வேலி

பார்த்தோம். பாறையின் பெயரையே கொண்ட ஷிப்ராக் ஊரில், சான் ஹுவான் ஆற்றின் தென்கரை மேட்டில் இருக்கிறது. 1954 முதல் 1968 வரை அங்கே ஒரு ஆலை ஓடியது. மலைகளிலிருந்து வந்த கனிமத்தை அரைத்து, யுரேனியத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை அங்கேயே கொட்டினார்கள். ஆலை போன பிறகும் அந்தக் கழிவு மேட்டைக் காற்று கிளப்பிக்கொண்டிருந்தது. 1986இல்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து, மேலே களிமண் போட்டு, அதன்மேல் கல் பரப்பி மூடினார்கள். எழுபது ஏக்கருக்கு மேல். மரம் இல்லை, தட்டையான சாம்பல் கற்பரப்பு. அதிலிருந்து ஆற்றுக்கு நடந்தே போகிற தூரம்தான். வேலியில் மஞ்சள் பலகை, கதிரியக்கச் சின்னம், உள்ளே வராதே என்ற எழுத்து.

நண்பன் வேலிக்குப் பக்கத்தில் போனான். பலகையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் வந்துவிட்டான். யாரும் சொல்லவில்லை, கால் தானாக வந்தது. வந்த பிறகு தன் காலையே குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். காலையில் கேட்ட கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது. இந்த மேட்டின்மேல் ஏன் ஏறக்கூடாது என்று அவன் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத, மணம் இல்லாத, தொட்டால் சுடாத ஒன்று உள்ளே இருக்கிறது என்று ஒரு தகரப் பலகை சொல்கிறது, உடனே நம்பிவிட்டோம். அங்கே தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாயால் சொல்லி வந்ததற்கு மட்டும் எங்களுக்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

பலகையும் கதையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. கதிரியக்கத்தை அளக்கக் கருவி உண்டு. ஆனால் எதை எச்சரிக்கை என்று என் காது எடுத்துக்கொள்கிறது, எதைக் கதை என்று ஒதுக்குகிறது, அதை யார் எனக்குப் பழக்கினார்கள் என்பதுதான் அன்று முதல் உறுத்துகிறது.

இப்போது பனிக்காலம், சொல்லலாம். பொதுவில் ஏற்கெனவே சொல்லப்பட்டு அச்சானதை மட்டும் சொல்கிறேன். வடக்கே எதிரிகள் துரத்திய காலத்தில் மக்களைச் சுமந்துகொண்டு ஒரு பெரும் பறவை பறந்து வந்து அந்த இடத்தில் இறங்கியது. மக்கள் அதன் மேலேயே குடியிருந்தார்கள். விதைக்கவும் தண்ணீர் எடுக்கவும் மட்டும் கீழே வருவார்கள். ஒருநாள் ஆண்கள் வயலில் இருந்தபோது இடி விழுந்து, ஏறுகிற வழி அறுந்துபோனது. மேலே இருந்த பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் பட்டினியில் இறந்தார்கள். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களைக் கலைக்கக் கூடாது. நண்பன் 'கதைதானே' என்று சொன்னது இதைத்தான். வழி அறுந்து, தன் பிள்ளைகளை மேலே விட்டுவிட்டு, கீழே வயலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் கதை இது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த உச்சியில் போல்ட் அடிக்க வேண்டாம் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. மக்கள் இந்த உலகத்துக்கு வந்தபோது அவர்கள் முன்னால் இரண்டு மஞ்சள் பொடிகள் வைக்கப்பட்டன. ஒன்று பாறையிலிருந்து வந்தது, மற்றது மக்காச்சோளப்பூவின் மகரந்தம். மக்கள் மகரந்தத்தை எடுத்துக்கொண்டார்கள். நல்லது, அந்த மற்றதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுங்கள், வெளியே எடுத்தால் தீங்கு வரும் என்று தெய்வங்கள் சொல்லின. யுரேனியத்துக்கு டினே மொழியில் லீட்ஸோ, மஞ்சள் மண். 2005இல் நவஹோ நேஷன் தன் நிலத்தில் யுரேனியம் தோண்டுவதையே சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் சட்டத்துக்கு மட்டும் யாரும் 'கதைக்காகப் போட்ட தடை' என்று பெயர் வைக்கவில்லை.

அன்று மாலை திரும்பும்போது நண்பன் வெகுநேரம் பேசவில்லை. ஃபார்மிங்டன் தாண்டி, செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தான். அந்த மாதிரி மேடுகளை எப்படிக் கட்ட வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. முடிந்தால் 1,000 ஆண்டு தாங்க வேண்டும், குறைந்தது 200 ஆண்டாவது தாங்க வேண்டும். உள்ளே கிடக்கும் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். இதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு ஃபோனை மடியில் வைத்தான்.

"அந்தப் பலகை துருப்பிடிச்சு விழுந்துடும் இல்ல?" என்றான். "விழும்" என்றேன்.

"அதுக்கப்புறம் அங்க ஏறக்கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு யார்டா சொல்லுவாங்க?"